கடலோரத்துக்காரர்களுக்கு அயோடின் எதற்கு?

எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கியவர் வேறு யாருமில்லை, என் அக்காவின் கணவர்தான். அத்தான் அத்தான் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர். தூக்குவதற்கு முன்னால் ஒரு கும்பிடு பொம்மை போட்டார். 'டீச்சரம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை' என்று எழுதினார். அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் வெளியே கிடந்தேன்.

தூக்கினால் தூக்கட்டும். வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதற்காக நான் அந்தக் குழுவில் சேரவில்லை. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். பின் பெஞ்சில் இருந்து ஒருத்தன் தப்பாகப் பதில் சொன்னால், மணி அடித்த பிறகும் அவனை உட்கார வைத்துத் திருத்திவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவேன். அந்தப் புத்தி பென்ஷன் வந்ததும் போய்விடுமா?

குழுவில் எல்லோரும் உண்டு. சாத்தான்குளத்தில் இருப்பவர்கள், நாசரேத்தில் இருப்பவர்கள், விளாத்திகுளத்தில் வாக்கப்பட்டவர்கள், துபாயில் இருந்துகொண்டு ஊரைத் திருத்துகிறவர்கள். காலையில் வேத வசனம் வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவிகள் செத்துப்போன செய்தி வரும். மத்தியானம், நாளைக்குச் சுனாமி என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசிய குரல் பதிவு வரும். போன வருடமும் அதே பெண், அதே அழுகை, அதே 'நாளைக்கு'. சாயங்காலமானால் கட்சிச் சண்டை. நான் ஒன்றையும் விட்டதில்லை. எது பொய், ஏன் பொய், எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்து டைப் அடிப்பேன். "உனக்கு வேற சோலியே இல்லையா?" என்பார் வீட்டுக்காரர். "இல்ல, ரிட்டயர் ஆயாச்சு. இதுதான் சோலி" என்பேன்.

இப்படி இருந்த குழுவில்தான் உருளைக்கிழங்கு வீடியோ வந்தது. அனுப்பியவர் அத்தான்.

அத்தானுக்கு முத்தையாபுரம் பக்கம் உப்பளம் இருக்கிறது. பெரிய முதலாளி ஒன்றும் கிடையாது. கையில் இருப்பது கொஞ்சம் பாத்தி, அதைவிட அதிகம் கௌரவம். வருடா வருடம் முதல் உப்பு வாரினதும் வியாபாரிக்குப் போகும் முன்னால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு மூட்டை லோடு ஆட்டோவில் ஏறிவிடும். ஒரு மூட்டை சர்ச்சுக்கு, விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு. எங்கள் வீட்டு அடுக்களையிலும் அந்த மூட்டை இருக்கிறது. மீன் கழுவ, நார்த்தங்காய் ஊறப்போட என்று அதைத்தான் எடுப்பேன். குழம்பில் போடுவது கடையில் வாங்குகிற அயோடின் உப்பு. இதை நான் தம்பட்டம் அடித்ததில்லை, மறைத்ததும் இல்லை. மற்ற வீடுகளில் எல்லாவற்றுக்கும் அத்தானின் உப்புதான். அந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அவர் அனுப்பிய செய்திக்கு எதிராக ஒரு வரி அடிக்க யாருக்கு மனசு வரும்? அவர் என்ன போட்டாலும் கட்டை விரல் வரிசையாக நிற்கும்.

வீடியோவில் முகம் கிடையாது, ரெண்டு கை மட்டும். உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு துண்டின் மேல் பாக்கெட் உப்பு, இன்னொன்றின் மேல் அளத்துக் கல்லுப்பு. கொஞ்ச நேரம் கழித்து ரெண்டின் மேலும் எலுமிச்சைச் சாறு. பாக்கெட் உப்பு போட்ட துண்டு நீலமாக மாறியது. பின்னால் பேய்ப் படத்துக்குப் போடுகிற மாதிரி சத்தம். 'பாத்தீங்களா மக்களே, நாம திங்கது விஷம்!' என்று ஒரு குரல் அலறியது. அதற்குக் கீழே அத்தான் எழுதியிருந்தார்: 'கடல்ல இல்லாத அயோடினா? கடலோரத்துல பொறந்து வளந்தவனுக்கு எதுக்கு அயோடின்? கம்பெனிக்காரன் முதல்ல தைராய்டு வியாதியக் குடுப்பான், பொறவு மாத்திரைய விப்பான்.'

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாவுச்சத்தில் அயோடின் பட்டால் நீலமாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோற்றுப் பருக்கையில் சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனை அது. நான் எழுதினேன்: 'அயோடின் உப்பில் அயோடின் இருக்கிறது என்று அந்த ஆள் சிரமப்பட்டு நிரூபித்திருக்கிறார். பாக்கெட்டின் மேலும் அதைத்தான் போட்டிருக்கிறது. கண் இருக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம், உருளைக்கிழங்கு மிச்சம்.'

நக்கல் வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னார். சரி என்று விளக்கமாகவே எழுதினேன். கடல் தண்ணீரில் அயோடின் இருப்பது உண்மை. கடல் பாசியும் மீனும் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் பாத்தியில் வெயிலில் காய்ந்து விளைகிற உப்பில் அது சொற்பத்திலும் சொற்பம். கடலுக்குப் பக்கத்தில் வீடு இருப்பதால் யார் உடம்பிலும் அயோடின் ஏறாது. நமக்கு ஓரளவு கிடைக்கிறதென்றால் அது தட்டில் விழுகிற மீனால். இதில் புரியாதது என்ன இருக்கிறது?

வந்த பதில்களைக் கேளுங்கள். 'அக்கா, நீங்க புக்குல படிச்சவங்க, அத்தான் உப்புலயே பொறந்தவரு.' 'கம்பெனிக்கு எப்ப வேலைக்குச் சேந்தீங்க டீச்சர்?' துபாயிலிருந்து ஒருத்தன், 'எல்லாத்தையும் சந்தேகப்படுறதுதானே சயின்ஸ்?' என்று எனக்கே பாடம் எடுத்தான். அந்த வீடியோவை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை. இன்னொருத்தி பெரிய மனுஷி போல, 'ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, சண்டை வேண்டாமே' என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நீலம் நீலம்தான். அதில் இன்னொரு பக்கத்து நியாயம் எங்கே இருந்து வரும்?

ஒன்று சொல்ல வேண்டும். அத்தானின் வயிற்றெரிச்சலில் ஒரு நியாயம் இருந்தது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்கக்கூடாது என்று சட்டம். கலக்கிற மெஷினும் பாக்கெட் போடுகிற வசதியும் பெரிய ஆட்களிடம்தான் உண்டு. சின்ன அளத்துக்காரர்கள் அவர்கள் சொல்லுகிற விலைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. இதை நான் குழுவிலேயே எழுதினேன். அது அரசியல், அதில் நான் உங்கள் பக்கம். அயோடின் விஷம் என்பது பொய், அதில் நான் உங்கள் பக்கம் இல்லை என்று எழுதினேன். முதல் பாதிக்கு அத்தான் கட்டை விரல் போட்டார். ரெண்டாவது பாதியைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இப்படி வாரக்கணக்கில் இழுத்தது. தினமும் ஒரு வீடியோ அவர் அனுப்புவார், தினமும் ஒரு பதில் நான் அனுப்புவேன். குழுவில் பாதிப் பேர் என்னைக் கோட்டி, பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

"அம்மா, மியூட்ல போட்டுட்டுப் படுங்கம்மா" என்றான் என் மகன் போனில்.

"உன் மண்டையத்தான் மியூட்ல போடணும்" என்றேன்.

அதன் பிறகுதான் என் அக்கா மகள் அந்தச் செய்தியைப் போட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தானுக்கு ஒரே பிள்ளை. மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். கல்லூரியில் படிக்கும்போதே அவளுக்குத் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. அப்போது அவள் என் மடியில் படுத்து அழுத அழுகை எனக்கு இன்னும் அடங்கவில்லை. இப்போது மறுபடி மூன்று மாதம். மாப்பிள்ளை கடலில் இருப்பதால் அம்மா வீட்டில் இருந்தாள்.

சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 'அப்பா சொன்னதக் கேட்டுத் தைராய்டு மாத்திரைய நிறுத்தி ஒரு மாசமாச்சு. நம்ம அளத்து உப்பு மட்டும்தான். உடம்பு லேசா இருக்கு. தேங்க்ஸ்ப்பா!' என்று போட்டு, இதயம் இதயமாகக் கொட்டியிருந்தாள். அதற்குக் கீழே கைதட்டல். சித்தப்பா, பெரியம்மா, மச்சான் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் கைதட்டல். 'சூப்பர் மக்கா', 'இதுதான் தைரியம்', 'கர்த்தர் காப்பார்'.

 எழுத வெட்கமில்லை, அழுகைதான் வந்தது. அடித்துத் தள்ளினேன்: 'மாத்திரையை நிறுத்தாதே. இன்றைக்கே டாக்டரைப் பார். முதல் மாதங்களில் வயிற்றில் இருக்கிற பிள்ளையால் தனக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனைத் தானே சுரக்க முடியாது. அம்மாவிடமிருந்துதான் வரவேண்டும். அதன் மூளை வளருவதற்கு அது வேண்டும். இதற்குக் கைதட்டிய ஒவ்வொருத்தரும் வெட்கப்பட வேண்டும்.'

அதற்குத்தான் கும்பிடு பொம்மை. அதற்குத்தான் ஓய்வு.

அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தது அக்கா. "அவ படுத்துருக்கா. ஏளா, பிள்ளத்தாச்சியப் போயி இப்படியா பயங்காட்டுவ? எல்லார் முன்னாலயும் அவர வெட்கப்படணும்னு எழுதிட்டியே, நல்லாவா இருக்கு?" என்றாள்.

"அவரு வெட்கப்படட்டும். உன் மக மாத்திரைய நிறுத்துனது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மீனை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினேன். "நாளைக்குச் சேந்து போவோம், இப்ப கொதிச்சுப்போயி இருக்க" என்றார் வீட்டுக்காரர். கொதிக்காமல் வேறு எப்போது கொதிப்பது? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டிய வேகத்தை என் மகன் பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பான்.

அத்தான் முன்னறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். குரூப்ல பேசுனது பத்தாதுன்னு நேர்லயே வந்தாச்சாக்கும்."

"நேர்ல ரிமூவ் பண்ணப் பட்டன் கிடையாதுல்லா, அதான் வந்தேன்."

அக்கா அடுக்களை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள், பேசாதே என்று. நான் உட்கார்ந்தேன். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"இங்க பாரு," என்றார் அத்தான். "நீ புக்குல பாத்த, நான் கண்ணால பாத்தேன். நம்ம உப்பு ஃபேக்டரிக்குப் போகும்போது நானும் கூடப் போயிருக்கேன். அந்த மருந்து டிரம்மு மேல தீ எரியுத மாதிரி படம் போட்டு, ஆபத்துன்னு எழுதிருக்கான். அதக் கலக்குதவன் கையில உறை, மூஞ்சில மாஸ்க்கு. தொடுததுக்கே பயப்படுதான். அத என் பிள்ளை சோத்துல போட்டுத் திங்கணுமா?"

இத்தனை வாரமாக அனுப்பிய அத்தனை வீடியோவுக்கும் வேர் எங்கே என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த டிரம். உப்போடு பிழைக்கிறவனுக்குத்தான் அந்த டிரம்மைப் பார்க்கக் கிடைக்கும். பாக்கெட்டைப் பிரித்துக் குழம்பில் போடுகிறவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்திருந்தார், பயந்திருந்தார். அந்தப் பயத்துக்கு யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை.

"அத்தான், அந்த டிரம்ம அப்படியே குடிக்கச் சொன்னா நானும் மாட்டேன்னுதான் சொல்லுவேன். அதுல இருந்து ஒரு டன் உப்புக்குப் போறது ஒரு கைப்பிடி. ஒரு டன்னுக்கு, ஒரு கைப்பிடி. நீங்க எத்தனை டன் வாரிருக்கீங்க, நினைச்சுப் பாருங்க. அவன் மாஸ்க்கு போடுதது அந்த டிரம்முக்காக. உங்க அளத்து உப்பையே ஒரு படி அள்ளி ஒரே மூச்சா தின்னா என்ன ஆகும்? நல்ல உப்புன்னு உடம்பு விட்டுருமா?"

 நான் விடவில்லை.

"சரி, உப்பு கெடக்கட்டும். அவ உங்க உப்பையே தின்னட்டும். மீன் திங்கா, முட்டை திங்கா, பால் குடிக்கா. அத டாக்டர் பாத்துக்கிடுவாங்க. ஆனா மாத்திரைக்கும் உப்புக்கும் முடிச்சுப் போடாதீங்க. அவ கழுத்துல இருக்க சுரப்பி சரியா வேல செய்யல. அது செய்ய வேண்டிய வேலய மாத்திரை செய்யுது. அந்த எடத்துல எந்த உப்பக் கொட்டுனாலும் நெறையாது."

"எல்லாம் ஒரே கம்பெனிக்காரன்தான்."

"எந்தக் கம்பெனி? பேரச் சொல்லுங்க. உப்பு விக்கதும் அந்த மாத்திரை விக்கதும் ஒரே ஆளுன்னு எங்க பாத்தீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான் டீ. ஒனக்கு என்ன தெரியும்?" அவர் குரல் உயர்ந்தது. "எங்க அய்யா வாருன உப்பத் தின்னுதான இந்த ஊரே வளந்துது. இன்னைக்கு எங்க உப்பு மனுசன் திங்க லாயக்கில்லன்னு சட்டம் போட்டுட்டான். தோல் பதப்படுத்தலாம், ஐஸ்கட்டிக்குப் போடலாம், மனுசனுக்குப் போடக்கூடாது. எம்புட்டு அசிங்கம் தெரியுமா அது? மூட்டை மூட்டையா உங்க வீட்டுக்கெல்லாம் அனுப்புதேனே, எதுக்குன்னு நெனச்ச?"

அவர் கண் கலங்கிவிட்டது.  அவர் வீம்புக்கு அடியில் இப்படி ஒரு காயம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஆனாலும் நான் இளகிப்போக அங்கே வரவில்லை.

"அது அநியாயம். நான் இல்லன்னு சொல்லல. கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதணுமா, நான் எழுதித் தாரேன். சின்ன அளத்துக்காரங்களுக்குக் கலக்குத மெஷின் குடுன்னு ரோட்டுல உக்காரணுமா, நான் முன் வரிசையில உக்காருதேன். உங்க கோவத்துக்கு எங்க வேணும்னாலும் வாரேன் அத்தான். ஆனா அந்தக் கோவத்துக்கு உங்க மக வயித்துல இருக்க பிள்ளயப் பணயம் வைக்காதீங்க. அந்தப் பிள்ள எந்தச் சட்டமும் போடல."

"போதும் ஏளா," என்றாள் அக்கா. "அவருக்கு பிரஷர் இருக்கு."

"அவரு பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டாரா?"

 நிறுத்தவில்லை. அவர் மாத்திரை டிவிக்குப் பக்கத்தில் டப்பாவில் இருந்தது, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. அவள் வந்து நின்றாள். முகம் உப்பியிருந்தது. அந்த வெக்கையில் போர்வையைப் போர்த்தியிருந்தாள்.

"சித்தி, எந்நேரமும் தூக்கமா வருது. எந்திரிக்கவே முடியல. குளுருது. பிள்ளனாலதான்னு நெனச்சேன்."

"உடம்பு லேசா இருக்குன்னு போட்டுருந்தியே தாயி?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அப்பாக்குச் சந்தோசமா இருக்கும்னு போட்டேன்."

அத்தான் போனைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அடி பாவி, அப்பாவின் சந்தோஷத்துக்கு நீயா கிடைத்தாய் என்று மனசுக்குள் திட்டினேன். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"நான் சித்தி கூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்ப்பா," என்றாள். அனுமதி கேட்கிற குரலாக அது இல்லை.

டாக்டரம்மா அவளைத் திட்டினார். கூட நின்ற குற்றத்துக்கு என்னையும் சேர்த்துத் திட்டினார். "படிச்ச குடும்பம்தானேம்மா நீங்க? வீட்ல ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன், என் வாழ்க்கையில் அபூர்வமாக. ஸ்கேனில் பிள்ளையின் இதயம் துடிப்பதைக் காட்டினார்கள். அவள் அழுதாள். ரத்தச் சோதனை முடிவு மறுநாள் வந்தது. இருக்கக் கூடாத அளவில் இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இனிமேல் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். "இப்போதைக்கு நல்லா இருக்கு. இனி ஒரு நாள் கூட விடக் கூடாது" என்றார் டாக்டர்.

அந்த முடிவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அவள் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். நான்தான் வெளியே கிடக்கிறேனே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லுதேன். மாத்திரைய நிறுத்துனதும் உடம்பு லேசா இருக்குன்னு நான் போட்டது பொய். எனக்கு எந்திரிக்கவே முடியல. ரத்தத்துல ரொம்ப மோசமா வந்துருக்கு. இப்ப கூடுதலா மாத்திரை போடுதேன். நான் நிறுத்துனேன்னு போட்டப்ப எல்லாரும் கைதட்டுனீங்க. அதுக்குப் பொறவு ஒருத்தராவது போன் போட்டு எப்படி இருக்கன்னு கேட்டீங்களா? வேண்டாம்னு சொன்னது சித்தி ஒருத்திதான். அவங்களத்தான் வெளிய தூக்குனீங்க. யாராச்சும் மாத்திரைய நிறுத்திருந்தா தயவு செஞ்சு டாக்டரப் போயிப் பாருங்க."

அத்தான் நினைத்திருந்தால் அழித்திருக்கலாம். அட்மின் அவர்தான். அவர் அதே முன்னறையில், அதே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தன் போனில் அதைக் கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். அழிக்கவில்லை. குழுவிலும் ஒரு சத்தம் இல்லை. கைதட்டியவர்களில் ஒருத்தருக்கும் விரல் வரவில்லை. மறுநாள் காலை வசனம் கூட வரவில்லை என்று அக்கா மகள் பிறகு சொன்னாள்.

அன்றைக்குத்தான் அவளிடமிருந்து போன். "சித்தி, ஒடனே வாங்க" என்றாள். பதறிக்கொண்டு போனேன். அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் போனில் ஒரு செய்தி வந்திருந்தது, குழுவுக்கு வராமல் அவளுக்கு மட்டும் வந்தது. அனுப்பியவள் அத்தானின் தங்கை மருமகள். விளாத்திகுளத்தில் இருக்கிறாள், கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. குழுவில் ஒரு நாள் கூட ஒரு வார்த்தை எழுதியதில்லை. இப்படி ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள் என்றே யாருக்கும் ஞாபகம் கிடையாது. அவள் எழுதியிருந்தாள்: 'அண்ணி, நானும் தைராய்டு மாத்திரைய நிறுத்திருக்கேன். மாமா உருளைக்கிழங்கு வீடியோ போட்டாங்கல்ல, அன்னைக்கே. டீச்சர் எழுதுனதயும் படிச்சேன். ஆனா மாமா உப்புதான எங்க வீட்டுல, மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எனக்கு இப்ப அஞ்சு மாசம். வீட்ல யாருக்கும் தெரியாது. பயமா இருக்கு.'

என்ன பிரயோஜனம், என்ன பிரயோஜனம் என்று என்னைக் கேட்டார்களே. ஆன்லைனில் சண்டை போட்டு என்ன பிரயோஜனம் என்று. இந்தா இருக்கிறாள். சத்தம் போடுகிறவர்களுக்காக நான் என்றைக்கும் எழுதியதில்லை. இவளுக்காகத்தான் எழுதினேன், இவளிடமும் நான் தோற்றுப்போயிருக்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்னும் எழுதியிருக்க வேண்டும், இன்னும் கத்தியிருக்க வேண்டும்.

அக்கா மகள் என்னிடமிருந்து போனை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள். "படிங்கப்பா" என்றாள்.

அத்தான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு தானே நம்பரைத் தேடி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"எம்மா, மாமா பேசுதேன். மாத்திரைய எடுத்துப் போடு தாயி. நான் அனுப்புனது தப்பு. அந்த வீடியோ தப்பு. நீ மாத்திரையப் போடு."

"சரி மாமா." சின்னக் குரல்.  பிறகு, "மாமா, நிப்பாட்டி ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?"

அத்தான் என்னைப் பார்த்தார். ஆகாது என்று ஒரு தலையசைப்பு கொடு என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் அசையவில்லை. எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்காமல் எந்த டாக்டருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல அவருக்கு நான் வாய் கொடுக்கமாட்டேன்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி," என்றார் அத்தான். அவர் குரல் உடைந்தது. "எனக்குத் தெரியலயே தாயி. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ கெளம்பி இரு, நான் வண்டிய எடுத்துட்டு வாரேன்."